திங்கட்கிழமையில் வந்த திருநாள்

போர்ட் சயீதில் கால்வாயைக் கடக்கும் படகில் எஞ்சின் பார்ப்பவன் நான். கயிறு கட்டும் ஷௌக்கி என் கூட்டாளி. அவனுக்கு வார ஓய்வு திங்கட்கிழமை. அவன் மனைவி சனிய்யா வேலை செய்யும் தையல் தொழிற்சாலைக்கு வெள்ளிக்கிழமை. போன இலையுதிர்காலத்தில்தான் கல்யாணம். பகல் வெளிச்சத்தில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டதே அபூர்வம்.

அரசு விடுமுறைகள் வரத்தான் செய்தன. தொழிற்சாலையை மூடுவார்கள். படகை நிறுத்த முடியாது. விடுமுறை விட்டால்தான் ஊரே அக்கரைக்குக் கிளம்பும். ஷௌக்கிக்குப் பதிலுக்கு வேறொரு நாள் தருவார்கள். அன்றைக்குச் சனிய்யா தையல் எந்திரத்தின் முன்னால் இருப்பாள்.

ஷம்முன் நசீமைத்தான் இருவரும் நம்பியிருந்தார்கள். அந்த வசந்தத் திருநாள் எப்போதுமே திங்கட்கிழமைதான் வரும். சனிய்யா வெங்காயத் தோலில் முட்டைகளை வேகவைத்து நிறமேற்றினாள். உப்புமீன் வாங்கினாள். அக்கரைத் தோட்டத்தில் எந்த மரத்தடி என்பதுவரை பேசி முடித்தாயிற்று.

சனிக்கிழமை மேலாளர் லம்லூம் ஷௌக்கியைக் கூப்பிட்டார்.

"திங்கக்கெழம வந்துடு. உன் ஓய்வைப் புதனுக்கு மாத்திட்டேன்."

"தலைவரே, அன்னிக்கு நாடே லீவு!"

"அதனாலதான்டா கூப்பிடறேன். கூட்டம் தாங்காது. அது எல்லாருக்குமான நாள், என்னால நகத்த முடியாது. வார ஓய்வு உன் ஒருத்தனோடது, அதை நகத்தலாம்."

"என்னோடதுன்னா நான்ல வச்சுக்கணும்?"

லம்லூம் பணி அட்டவணையில் அவன் ஓய்வைப் புதனுக்கு மாற்றி எழுதினார்.

விஷயத்தைக் கேட்டதும் சனிய்யா, "படகுல காசு கேக்க மாட்டாங்கல்ல? நானே வந்துடறேன்" என்றாளாம்.

சொன்னபடியே கூடையோடு வந்து மேல்தளத்தில் உட்கார்ந்தாள். அக்கரை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள், அவள் இறங்கவில்லை. திரும்பி இக்கரை வந்தோம், அப்போதும் இறங்கவில்லை.

"ஏம்மா, இறங்க மறந்துட்டியா?" என்றாள் ஒரு பெண்.

"இல்லக்கா, மனசில்ல."

நடுக்கால்வாயில் மட்டும்தான் ஷௌக்கிக்குக் கை சும்மா இருக்கும். படியேறி ஓடுவான். அவள் முட்டையை உரித்து முடிப்பதற்குள் சங்கு ஊதிவிடும்.

"முழுசா தின்னுட்டுப் போயேன்!"

"கரை வந்துடுச்சுடி!"

அடுத்த முறை நான் எஞ்சினைக் கொஞ்சம் தணித்தேன்.

"என்னடா, கீழ தூங்கிட்டியா?" என்று மேலிருந்து கேப்டன் கத்தினார்.

"சூடாயிடுச்சு கேப்டன்!"

மேல்தளத்தில் இருந்த இருவரையும் எட்டிப் பார்த்திருப்பார் போல. அப்புறம் சத்தமே இல்லை. மறுநாள் வேலை இருந்ததால், வெயில் சாயும்போது சனிய்யா கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஷௌக்கி கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

புதன்கிழமை அவனுக்கு ஓய்வு. ஆனாலும் படகுத்துறைக்கு வந்து நின்றான்.

"வீட்ல இருக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"தனியா என்ன பண்றது? வெள்ளிக்கெழம ஓய்வு கேட்டுப் பாத்தேன். புள்ளகுட்டிக்காரங்களுக்குத்தான் முதல்லயாம்."

சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். "தொழிற்சாலை வாசலுக்குப் போறேன். அஞ்சு மணிக்கு விடுவாங்க."

அவன் நடந்து போனபோது நடுப்பகல்கூட ஆகியிருக்கவில்லை.