முதல் பழம்

அமாவாசைக்கு அமாவாசை அம்பிகை யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுப்பாள். கேள்வி ஒன்றுதான்.

"காகம் சோறு எடுத்ததோ மச்சாள்?"

"இல்லை."

பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும். அது என்னிடம் இல்லை.

அம்பிகை என் கணவர் அருளம்பலத்தின் தங்கை. "நீங்கள் அண்ணாவுக்கு அழேல்லை. செத்தவீட்டை வீடியோவிலை பாத்தனாங்கள்தானே. அந்தக் குறையிலைதான் அவர் எடுக்கிறாரில்லை" என்பாள். நான் அழவில்லை என்பது உண்மை. அழுகை வரவில்லை, வேறு எதுவும்கூட வரவில்லை. நான் பராமரிக்கிற இத்தாலியக் கிழவி சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டினேன், மருந்து கொடுத்தேன், சமைத்தேன். ஒவ்வொரு மத்தியானமும் சிஞ்ஞோரா உப்புப் போத்தலைக் கேட்பார், எடுத்துக் கொடுப்பேன். ஆனால் மனுசன் என்னில் ஏதோ குறை வைத்துக்கொண்டு போய்விட்டாரோ என்ற எண்ணம் மட்டும் நெருஞ்சிமுள்ளாய் உள்ளே கிடந்தது.

லிபெர்த்தா என்ற நகரப் பகுதியில் நான் தங்கி வேலை செய்யும் இந்த வீட்டுப் பக்கம் காகம் வருவது அருமை. புறாவுக்குக் குறைவில்லை. ஒருமுறை புறா எடுத்தது என்று சொல்லிப் பார்த்தேன். "புறா கணக்கில்லை" என்று முடித்துவிட்டாள் அம்பிகை, எமலோகத்து வாசலில் சீட்டுக் கிழிக்கிறவள் மாதிரி.

வீட்டின் பின்னால் தோட்டம். எலுமிச்சையும் தோடையும் வருடம் முழுக்கப் பச்சை. வடக்குச் சுவரோரம் நிற்கிற ஒரு மரம் மட்டும் வேறு சாதி. பெரோ கொர்வீனோ என்பார்கள். மலையில் தானாய் வளர்வது. சிஞ்ஞோராவின் கணவர் உயிரோடு இருந்த காலத்தில் கன்றாகக் கொண்டுவந்து நட்டாராம். குளிருக்கு மொட்டையாய் நிற்கும், சித்திரையில் வெள்ளையாய்ப் பூக்கும், ஆனியில் கடலை அளவில் பழம். முதலில் சிவக்கும், பிறகு நாவல் நிறத்துக்கு வரும். தோட்ட வேலைக்கு இங்கே வந்த அருளம்பலம்தான் அதைப் பார்த்தார். "வெயில் ஊர் மரமில்லை இது, வேர் காய விடப்படாது" என்று சருகு கொட்டி அடியை மூடிவைப்பார்.

பழம் சிவந்தால் மெர்லோக்களுக்கு மூக்கு வியர்க்கும். மெர்லோ என்றால் மஞ்சள் சொண்டுக் கருங்குருவி. விட்டால் இரண்டு நாள் காலையில் மரத்தைத் துடைத்துவிடும். சிஞ்ஞோராவுக்கோ ஜாம் வேண்டும். அதனால் அருளம்பலம் மரம் முழுக்க வலை போர்த்திக் கட்டுவார். கட்டிவிட்டுத் தானே உள்ளே கையைவிட்டுப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வருவார்.

"முதல் நீர் தின்னும்" என்று உள்ளங்கையை நீட்டுவார். நான் ஒன்று தின்னும்வரை தன் வாயில் வைக்கமாட்டார்.

"உந்தக் கறையை ஆர் தோய்க்கிறது?" என்று ஏசிக்கொண்டே தின்பேன்.

போன ஆனியிலும் வலை கட்டினார். முதல் பழம் பிடுங்கிய அன்றைக்கு நான் சிஞ்ஞோராவை டொக்டரிடம் கூட்டிப் போயிருந்தேன். மனுசன் மீன் வாங்க போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் போன வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் உடுப்பைப் பையில் போட்டுத் தந்த தாதி, சட்டையைக் காட்டி இரத்தம் பட்டிருக்கிறது, மன்னியுங்கள் என்றாள். அது இரத்தமில்லை, எனக்கு வைத்திருந்த பழம்.

இன்று ஆட்டைத் திவசம், அவர் போய் ஒரு வருடம். மகன் விதுரன் ஜெர்மனியில் ஐயரை வைத்துச் செய்கிறான். நான் இங்கே விரதமிருந்து சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், வடை எல்லாம் ஆக்கித் தட்டில் வைத்து, மரத்தடிக் கல்லுக்கட்டின் மேல் கொண்டுபோய் வைத்தேன். காகம் எடுத்த பிறகுதான் நான் சாப்பிடலாம்.

புறாக்கள் வந்தன. கைதட்டித் துரத்தினேன். ஒரு மெர்லோ வந்து சோற்றைப் பார்க்காமல் வலையைச் சுற்றிச் சுற்றி நடந்தது. இந்த வருடம் வலையை நான்தான் கட்டினேன், முடிச்சும் எனக்குத் தெரியும். போய் அவிழ்த்தேன்.

மேலே யன்னல் திறந்தது.

"என்ன செய்கிறாய் ஞானாம்பிகை?" சிஞ்ஞோரா.

"இன்றைக்கு அவருடைய நாள், சிஞ்ஞோரா."

மரத்தைப் பார்த்தார். பிறகு, "எனக்குப் பாதி விடச் சொல்லு" என்று யன்னலைச் சாத்தினார்.

மெர்லோ மரத்தில் ஏறி நன்றாகத் தின்றது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. படையலில் செத்தவருக்குப் பிடித்தது இருக்க வேண்டுமே என்று ஒரு கை பழம் பிடுங்கிச் சோற்றின் மேல் வைத்தேன். அது கிளையில் இருந்தபடி தலையைச் சரித்துப் பார்த்தது. இறங்கவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மடைச்சி, இந்த மனுசன் எந்த ஆனியில் உனக்கு முதல் தின்றவர்?

விரதம் போனால் போகட்டும் என்று தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். தித்திப்பு, கடைசியில் விதையில் பாதாம் வாசம். நான் விழுங்கியதும் மெர்லோ கட்டின் மேல் குதித்தது. ஒரு பழத்தைக் கொத்தியது. அதோடு ஒட்டிக்கொண்டு இரண்டு சோற்றுப்பருக்கையும் போயின.

போன் அடித்தது.

"எடுத்ததோ மச்சாள்?"

"ஓம். எடுத்தவர்."

"காகமோ?"

"கறுப்பு. சொண்டு மட்டும் மஞ்சள்."

அம்பிகை யோசித்தாள். கணக்கில் சேர்த்தாளோ தெரியாது. "நீங்கள் அழுதனீங்களோ?"

"இல்லை அம்பிகை. பசிக்குது, பிறகு கதைக்கிறன்."

கட்டின் மேல் இருந்து, அவர் விட்ட மிச்சத்தைப் பிசைந்து தின்றேன். கத்தரிக்காயில் உப்பே இல்லை. ஒரு வருடமாக இப்படித்தான் சமைத்திருக்கிறேன் போல, இன்றைக்குத்தான் என் நாக்குக்குத் தெரிந்தது.