சகலை ஊற்றிய எண்ணெய்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. கிடைத்தது பாதிதான். மீதியைக் கேட்பதற்குள் சொன்னவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் வாய் நிறையப் பஞ்சு.

அவர் ஒரு காகித ஆலையில் ஃபிட்டர். கன்னம் பந்துபோல வீங்கியிருந்தது. ஆனால் மனிதருக்குப் பல்லைப் பற்றிய கவலையே இல்லை. கவலையெல்லாம் ஒரு கியர்பாக்ஸைப் பற்றி.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "இரும்புக்கும் கோபம் வரும். அன்று அந்தப் பெட்டி..."

வேண்டாம். இரும்புக்குக் கோபம் வராது. சூடுதான் வரும்.

அடுத்து: "கியர்பாக்ஸ் என்பது மோட்டாரின் வேகத்தைக் குறைத்து, இழுக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பற்சக்கரப் பெட்டி." இதையும் அடித்துவிட்டேன். (ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். எனக்கு அது போதும்.)

அவர் சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

"கை வைக்க முடியல சார், அப்படிக் கொதிக்குது. கொதிச்சா நாங்க என்ன பண்ணுவோம்? எண்ணெய் பத்தலைன்னு ஊத்துவோம்."

"சரிதானே?"

"அதான் தப்பு. அளவுக்கு மேல நின்னா சக்கரம் எண்ணெயில முங்கி, அதையே போட்டுக் கடைஞ்சுக்கிட்டு இருக்கும். அதுலயே சூடு ஏறும். ஏறுச்சேன்னு இன்னும் ஊத்துவோம்."

பெட்டியின் பக்கவாட்டில் எண்ணெய் மட்டம் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி உண்டாம். ஓடும்போது எண்ணெய் மேலே சிதறிவிடுவதால் அதில் குறைவாகத் தெரியும். நிறுத்தி, ஆறவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஷிப்ட் மாறும்போது இயந்திரம் நிற்பதில்லை. காலை ஷிப்டில் இவர் ஊற்றினார். மதிய ஷிப்டில் இன்னொரு ஃபிட்டர் ஊற்றினார். போன வாரம் கரண்ட் போய் இயந்திரம் நின்றபோதுதான் இவர் கண்ணாடியைப் பார்த்தார். கழுத்துவரை எண்ணெய். வடித்து அளவுக்குக் கொண்டுவந்தார். மறுநாள் வந்தால் மறுபடியும் கை வைக்க முடியாத கொதிப்பு; மதிய ஷிப்ட்காரர் மறுபடி ஊற்றியிருந்தார்.

"அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"அவர் என் சகலை சார்."

"அப்ப இன்னும் சுலபமாச்சே!"

கல்யாணம் ஆகாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

3

மனைவியின் அக்கா கணவர். சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில் ஒருநாள், "இவனுக்கு வேலை வாங்கிக் குடுத்ததே நான்தான்" என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஷிப்ட் மாறும்போது சாவியைக் கையில் கொடுப்பதில்லை; மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள்.

"வீடு வழியா சொல்லிப் பார்க்கறதுதானே?"

"வீடு வழியா போனா எண்ணெய் போய்ச் சேராது சார். சண்டைதான் போய்ச் சேரும்."

"சூப்பர்வைசர்?"

"அவர்கிட்ட போனா சகலை வேலை போயிடும்."

"நீங்களே நேரா?"

"வேலை வாங்கிக் குடுத்தவருக்கு நான் வேலை கத்துக்குடுக்கறதா? முதல்ல யார் வாயத் திறக்கறதுங்கறதுதான் சார் பிரச்சினை."

4

இந்தச் சகலையை என் முதல் பிரதியில் முறுக்கு மீசையோடு வில்லனாக எழுதியிருந்தேன். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. தினம் குனிந்து கண்ணாடியைப் பார்த்து ஊற்றுகிற மனிதர் என்ன நினைத்திருப்பார்? "இந்தப் பய எண்ணெய்கூடப் பார்க்கறதில்ல. மாட்டிக்கப் போறான்" என்றுதானே? இவர் வேலையைக் காப்பாற்றத்தான் அவர் ஊற்றிக்கொண்டே...

(மீசையை எடுத்துவிட்டேன்.)

5

முடிவு ஒன்று: கியர்பாக்ஸ் இறுகி நிற்கிறது. சகலை வேலை இழக்கிறார். படித்துவிட்டு நீங்கள் என்னைத் திட்டுவீர்கள்.

முடிவு இரண்டு: அக்காவும் தங்கையும் இருவரையும் ஒரு அறையில் தள்ளிப் பூட்டுகிறார்கள். வாரப் பத்திரிகைக்கு இது ஓடும். என் பேனாதான் ஓடவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன்.

"நேத்தே சத்தம் மாறிடுச்சு சார். இன்னிக்கு நான் லீவு. மதியம் அவர் வருவார், பார்ப்பார், ஊத்துவார். தாங்காது. யார் ஷிப்ட்ல நிக்குதோ அவர்தான் வீட்டுக்குப் போகணும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் இவர் தப்பித்துவிடுவார். அது இவருக்கே தெரிந்திருந்தது.

"என்ன முடிவு பண்ணீங்க?"

"நான் என்ன முடிவு பண்ணேன்னா..."

நர்ஸ் கூப்பிட்டாள்.

6

பஞ்சோடு வந்தவர் என்னிடம் தலையசைத்துவிட்டு வெளியே போனார். நான் கண்ணாடிக் கதவுவரை போனேன். வாசலில் ஒருவர் பைக்கில் உட்கார்ந்திருந்தார். பேண்ட் முட்டியில் எண்ணெய்க் கறை. மீசை இல்லை. சகலைதானா? எனக்கு எப்படித் தெரியும்? இருவரும் பேசவில்லை. அதை வைத்தும் சொல்ல முடியாது. ஒருவர் வாயில் பஞ்சு.

ஃபிட்டர் பைக் எஞ்சின்மேல் கையை வைப்பதுபோல வைத்து, சுட்டதுபோல உதறினார். இல்லாத ஒரு டப்பாவைச் சாய்த்து ஊற்றினார். பிறகு விரலை ஆட்டினார்: வேண்டாம். இன்னொரு முறை, மெதுவாக. உள்ளங்கையைக் கழுத்தில் வைத்துக் காட்டி, இடுப்புக்கு இறக்கினார்.

பைக்கில் இருந்தவர் கைப்பிடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை எடுத்து, ஃபிட்டரின் கையில் கொடுத்தார். வாயைத் திறந்தார்.

"சார், அடுத்தது நீங்கதான். வாங்க" என்றாள் நர்ஸ், என் முதுகுக்குப் பின்னால்.

அவர் என்ன சொன்னார் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும். சீக்கிரம். மதிய ஷிப்ட் தொடங்கப்போகிறது.