வள்ளத்துக்கு இல்லாத வாசல்

பழைய பொருட்களைக் காட்சிக்கு வைக்கும் மன்னார் நகர நூதனசாலைக்குப் புதிதாக ஒரு மண்டபம் வரைந்து கொடுத்தவள் தோட்டவெளி சுவேதினி. கடல் பக்கம் முழுக்க ஒரே கண்ணாடிச் சுவர். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அந்த மண்டபத்தின் நடுவில் வைப்பதற்கென்று வாங்கிய வள்ளம் மட்டும் வெளியே வெயிலில் கிடந்தது. எந்த வாசலாலும் அது உள்ளே போகாது.

வள்ளம் பேசாலைப் பெற்றிசியாவுடையது. சண்டைக் காலத்தில் அவளும் புருஷனும் பிள்ளைகளோடு இராமேஸ்வரத்துக்குத் தப்பிப்போனது அதில்தான். புருஷன் செத்த பிறகும் அதை விறகுக்குக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சுவேதினிதான் நடையாய் நடந்து, ஒரு ஆணிகூடக் கழலாமல் வைப்போம் என்று சொல்லி வாங்கி வந்தாள்.

முதலில் வரைந்த படத்தில் வள்ளத்துக்கென்று அகலமான வாசல் இருக்கத்தான் செய்தது. அதன் இரும்புச் சட்டம் கண்ணாடியின் அழகைக் கெடுக்கிறதென்று அவளே அதை எடுத்துவிட்டாள். வள்ளத்தை எப்படியாவது சமாளிக்கலாம் என்று நினைத்தாள். இந்த 'எப்படியாவது' யாராவது ஒருவரின் தலையில்தான் வந்து விடியும் என்பது படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இப்போது அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திறப்பு விழா அடுத்த கிழமை. கண்ணாடியைக் கழற்றினால் உடைந்துபோகும்; வள்ளத்தை நடுவில் அறுத்து, உள்ளே கொண்டுபோய்ப் பொருத்திப் பூசினால் ஒருவருக்கும் தெரியாது என்று கந்தோரில் இருந்த அதிகாரிகள் சொன்னார்கள். சுவேதினி தலையாட்டினாள். வெட்கங்கெட்ட தலை, எதற்கும் ஆடும்.

ஆனால் வள்ளம் கட்டும் ஓடாவி பஸ்ரியன் மறுத்துவிட்டார். வள்ளத்தை அறுப்பதென்றால் முதல் வெட்டைச் சொந்தக்காரர் போடவேண்டும், இல்லாவிட்டால் பழி தன் கையில் என்று மரம் அறுக்கும் வாளை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். சுவேதினி வேறு ஓடாவிகளைக் கேட்டாள். அவர்களும் அதையே சொன்னார்கள். கடைசியில் பேசாலைக்குப் போய், பெற்றிசியாவின் முகத்தைப் பாராமல் விஷயத்தைச் சொன்னாள். பெற்றிசியா சேலையை மாற்றிக்கொண்டு வந்து வாகனத்தில் ஏறினாள்.

நூதனசாலையில் இறங்கியவள் முதலில் வள்ளத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"வடிவாத்தான் இருக்கு," என்றாள். "இதைப் படமாக் கீறேக்க என்ர வள்ளம் உனக்கு நினைவில்லையோ, பிள்ளை?"

மறந்துபோனேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய்யைச் சுவேதினி வழிமுழுக்க வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் வந்தாள். சொல்ல வரவில்லை.

"நினைவிருந்தது, அக்கா."

பெற்றிசியா வள்ளத்தின் முன்பக்க அணியத்தை ஒருமுறை தடவினாள். பிறகு பஸ்ரியனிடமிருந்து வாளை வாங்கிச் சுவேதினியிடம் நீட்டினாள்.

"நான் அண்டைக்கே உனக்குத் தந்திட்டன். இப்ப சொந்தக்காரி நீதான். அறு."

பஸ்ரியன் மறுபக்கம் போய், வள்ளம் ஆடாதபடி பிடித்துக்கொண்டார்.