நின்றுபோன விரல்கள்

ரேடியோவின் விரல்கள் என் கழுத்தில் ஓரிடத்தில் நின்றன. கூடவே அவள் பேச்சும் நின்றது. பேச்சு நின்றதில்தான் நான் நிமிர்ந்தேன்.

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவளே நான்தான். மசாஜ் நிலையத்தில் எனக்குப் பக்கத்து மேசை. கை ஓடும்வரை அவளுக்கு வாயும் ஓடும். மாமியார், வீட்டுக்காரர், நேற்றுப் பார்த்த சீரியல் என்று ஒன்றையும் விடமாட்டாள்.

அன்று எங்கள் மசாஜ் தெரபிஸ்டுகள் சங்கத்தில் தன்னார்வத் தலைவர்களுக்கான பயிற்சி. சம்பளமில்லாத வேலைக்குப் பயிற்சி வேறா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். காலை முழுக்க ஒரே பாடம். வாடிக்கையாளர் உடம்பில் கைக்கு ஏதாவது தட்டுப்பட்டால் அதை எப்படிச் சொல்வது, புது உறுப்பினர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது. என்னையும் ரேடியோவையும் நடித்துக் காட்டச் சொன்னார்கள். அவள் வாடிக்கையாளர், நான் தெரபிஸ்ட்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா கொழுப்புக் கட்டியா இருக்கும். உனக்குத்தான் கொழுப்பு ஜாஸ்தியாச்சே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒண்ணுமில்லன்னு சொல்ற உரிமை நமக்குக் கிடையாது. அது என்னன்னு பேர் வைக்கிற உரிமையும் கிடையாது. இருக்குன்னு சொல்லணும், டாக்டர்கிட்ட அனுப்பணும். அவ்வளவுதான்."

பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்கள் நாலு பேர் ஒன்றுசேர்ந்தால் கை சும்மா இருக்காது. டீ இடைவேளையில் நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, ஆளுக்கு ஆள் முன்னால் இருப்பவரின் தோளைப் பிடித்துவிடுவோம். அன்றும் அப்படித்தான். எனக்கு முன்னால் சங்கத்தின் பொருளாளர் அம்மா, கண்ணை மூடிச் சொக்கிப்போயிருந்தார். எனக்குப் பின்னால் ரேடியோ.

நின்ற விரல்கள் நகர்ந்தன. அப்பாடா என்றிருந்தது. உடனே அதே இடத்துக்குத் திரும்பி வந்தன. இந்த முறை அழுத்தாமல், ஓரங்களைத் தேடிச் சுற்றின. எனக்குத் தெரியாதா அந்தத் தொடுதல்? எத்தனையோ பேர் கழுத்தில் நானே இப்படிச் சுற்றி வந்திருக்கிறேன். குப்புறப் படுத்திருப்பவர்களுக்கு அது புரியாது, நன்றாகப் பிடித்துவிடுகிறாள் என்று நினைப்பார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா."

என் அம்மாவுக்கும் கட்டி கழுத்தில்தான் ஆரம்பித்தது. அம்மாவிடமும் கடைசிவரை ஒண்ணுமில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"உண்மையைச் சொல்லு."

"சதை பிடிச்சிருக்குக்கா. நீ ஓவரா வேலை பாக்குற." சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள். பொய் சொல்லக்கூடத் துப்பில்லாதவள்.

ஒரு கையைப் பொருளாளரின் கழுத்திலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் என் கழுத்தைத் தடவினேன். ஊரார் உடம்பையெல்லாம் கரைத்துக் குடித்த விரலுக்குச் சொந்தக் கழுத்தில் ஒன்றும் அகப்படவில்லை. பயத்தில் தோலுக்கும் எலும்புக்கும்கூட வித்தியாசம் தெரியவில்லை.

"எங்கன்னு காட்டு. என் விரலைப் பிடிச்சு வை."

வைத்தாள். காதுக்குக் கீழே, ஆழத்தில், புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. வலிக்கவும் இல்லை. வலிக்கிற கட்டிக்கு அவ்வளவு பயமில்லை என்பார்கள், கொஞ்சம் வலித்துத் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டிடலாம்க்கா. நானும் வரேன்." ரேடியோ அழுதுகொண்டிருந்தாள்.

அப்போதுதான் பொருளாளர் அம்மா கண்ணைத் திறந்தார். என் மறு கை எப்போது நின்றது என்று தெரியவில்லை, அவர் கழுத்தின்மேல் அப்படியே கிடந்தது. மெதுவாகத் திரும்பினார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அவரும் எங்கள் தொழில்தானே, நின்ற கைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும்.

"என்னம்மா... ஏதாவது தட்டுப்படுதா?"

ஒண்ணுமில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"இருக்குங்க" என்றேன். "உங்களுக்கில்ல. எனக்கு."