ஏழாவது ராடில் ஒரு சீர்

கல்யாண நாளுக்குப் புருஷன் கவிதை அனுப்பினால் எந்தப் பெண்ணும் பூரித்துத்தான் போவாள். வெண்ணிலாவுக்கோ வயிறு எரிந்தது. அவள் நாமகிரிப்பேட்டையில் தமிழ் டீச்சர். புருஷன் தனபால் பத்தாவது தேறாதவன். எட்டு மாதமாகச் சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு போய் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறான். ‘சாப்ட்டாச்சா’ என்பதற்கு மேல் வாட்ஸப்பில் ஒரு வார்த்தை அனுப்பியதில்லை. அந்த மனுஷனிடமிருந்து முப்பத்தாறு வரி!

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சிவப்புப் பேனாவும் கையுமாக உட்கார்ந்தாள்.

மண்ணத் தொளச்சேன் மழத்தண்ணி தேடி,
கண்ணுல நீதான், இன்னொண்ணு போடு.

எதுகை பிசகவில்லை, மோனையும் இருந்தது. வரிக்கு நாலு சீர், அளந்து வெட்டின மாதிரி. இரண்டு வரிக்கு ஒரு தரம் ‘இன்னொண்ணு போடு’. ஏழாவது ஜோடியில் மட்டும் ஒரு சீர் கூடுதல். கடைசி ஜோடியில் ‘இன்னொண்ணு போடு’வையே காணோம். எவளோ எழுதிக் கொடுத்திருக்கிறாள், இவன் பார்த்து டைப் அடிக்கும்போது கோட்டை விட்டிருக்கிறான். தாளின் ஓரத்தில் ‘யார் அவள்?’ என்று எழுதிவிட்டுப் போன் போட்டாள்.

“ஏனுங்க, இத ஆருங்க எழுதிக் குடுத்தது?”

“நாந்தான் அம்மிணி.”

“அப்ப ஏழாவதுல ஏன் ஒரு சீர் கூடுது?”

“சீரா? அப்படின்னா?”

மாட்டிக்கொண்டான் திருடன் என்று வெண்ணிலா பல்லைக் கடித்தாள்.

“ராடு மாட்டறோம். வெச்சராத, லைன்லயே இரு,” என்றான் தனபால்.

இரும்பில் சுத்தியல் விழும் சத்தம் கேட்டது. நாலு தட்டு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி நாலு. “இன்னொண்ணு போடு!” என்று யாருக்கோ கத்தினான்.

“கேட்டியா? குழி எறங்க எறங்க ஒண்ணு மேல ஒண்ணா இரும்பு ராடு மாட்டோணும். மூட்டு இறுகறதுக்கு நாலும் நாலும் தட்டோணும். தட்டுக்கு ஒரு வார்த்தையா உன்னைய நெனச்சு வெச்சுக்குவேன். ராடுக்கு ரெண்டு வரி. ஏழாவது ராடு ஏடாகூடமா சிக்கிக்கிச்சு, ஒரு தட்டு சேத்திப் போட்டோம்.”

வெண்ணிலாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் டீச்சர் வாய் சும்மா இருக்குமா? “கடைசில ஏனுங்க ‘இன்னொண்ணு போடு’ இல்ல?”

“அந்த ராடுல தண்ணி வந்துருச்சு, அப்பறம் எதுக்கு இன்னொண்ணு? தோட்டத்துக்காரரு பொண்டாட்டியக் கையப் புடிச்சுக் கூட்டியாந்து காட்டுனாரு. எனக்குத்தான் காட்ட ஆளில்ல அம்மிணி.”

வெண்ணிலா தாளின் ஓரத்தைப் பார்த்தாள். ‘யார் அவள்?’ என்பதை அடிக்கப் போன பேனா நின்றது. வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டின. பக்கத்தில் ‘நான்’ என்று எழுதினாள்.

“பரீட்சை லீவுக்கு நான் அங்க வாரேனுங்க,” என்றாள்.