கிளெமென்ட் சார் வெளியே போனார்

சின்னாளபட்டி நெசவுக்காரர் வீட்டுப் பெண் காது பரிசோதனைப் படிப்புக்குப் போகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். காரணம், சௌந்தர்யாவே இரண்டு காதிலும் மிஷின் போட்டவள். “காது கேக்காத புள்ள அடுத்தவுக காதப் பாக்கப் போகுதாக்கும்” என்று ஒரு சித்தப்பா கல்யாணப் பந்தியில் உரக்கச் சொன்னார். அவளுக்கும் கேட்டது. மிஷின் நல்ல மிஷின்.

கடைசி வருடத்தில் திண்டுக்கல் மருத்துவமனை ஒன்றில் பயிற்சி. ஒருவரை முதலிலிருந்து முடிவு வரை அவளே சோதித்துக் காட்டினால்தான் அங்கே பயிற்சி தரும் கிளெமென்ட் சார் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் ஒரு வருடம் போச்சு. விசில் சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்லும் சோதனையில் அவளுக்குச் சிக்கல் இல்லை. வார்த்தைச் சோதனைதான் உயிரை வாங்கியது. அவள் சொல்லும் வார்த்தையைச் சோதனைக்கு வந்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சோதிப்பவர் பொத்தானை அழுத்தும் கையும் பேசும் வாயும் தெரியக் கூடாதென்று வந்தவரைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்காரவைப்பது வழக்கம். உதடு தெரியாவிட்டால் சௌந்தர்யாவுக்குப் பாதிதான் பிடிபடும். போன வாரம் திணறிப்போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

கிளெமென்ட் சார் திட்டவில்லை. மறுநாள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டார். அவள் கையை மறைக்க ஒரு அட்டையை நிறுத்தினார், வாயை மறைக்க இன்னொன்றைக் கொடுத்தார். “இம்புட்டுத்தாம்மா. இதுக்கா அழுத?” என்றார். அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் கிறிஸ்தவர், ஒத்துக்கொள்ள மாட்டார்.

தேர்வு நாளில் வந்தவர் பேகம்பூர் அஜீஸுன்னிசா. கண்களைத் தவிர முகம் முழுக்க மூடியிருந்தது. உதடு தெரிய வழியே இல்லை. “சார், இவங்கள விக்னேஷ்குமார் பாக்கட்டும்” என்று கூடப் படிப்பவனைக் கைகாட்டி நழுவப் பார்த்தாள் சௌந்தர்யா.

“மொதல்ல அவங்ககிட்ட கேளு,” என்றார் சார்.

கேட்டாள். தன் காது மிஷினைக் காட்டி, உதட்டைப் பார்த்தால்தான் தனக்கு விளங்கும் என்று உரக்கவே சொன்னாள்.

அஜீஸுன்னிசா யோசித்தார். “ஆம்பளைங்க இருக்கையில எப்படிம்மா எடுக்கிறது? போன தடவ வேற எடத்துல துணி மேலயே ஹெட்போன மாட்டித்தான் பாத்தாங்க. அவங்க குடுத்த மிஷினப் போட்டா தட்டு விழுந்தாலும் இடி விழுந்தாப்புல இருக்கு. கழட்டி வச்சிட்டேன்.”

கிளெமென்ட் சாரின் முகம் சுருங்கிவிட்டது. எடுக்கச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று அவரும் இத்தனை வருடமாகத் துணிக்கு மேல்தான் ஹெட்போனை மாட்டிவந்தார். துணி உரசினால் மெல்லிய சத்தம் கேட்காது, காது உள்ளதைவிட மோசமாகத் தெரியும், மிஷினிலும் சத்தத்தைக் கூட்டி வைத்துவிடுவார்கள். தெரிந்தும் கேட்கக் கூச்சம்.

“அப்ப நாங்க வெளிய போறோம்,” என்றார்.

“தேர்வு, சார்...”

“நீ எடுக்கிற ரிப்போர்ட்டப் பாத்தா எனக்குத் தெரியாதா?” என்று விக்னேஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அஜீஸுன்னிசா முகத்திரையை எடுத்தார். தலைத்துணியை அவிழ்த்தார், கம்மலையும் கழற்றினார். சௌந்தர்யா அட்டையால் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். எதிரே அந்த உதடுகள் தெளிவாக அசைந்தன, எதையும் அவள் தவறவிடவில்லை. சோதித்துப் பார்த்ததில் பழைய ரிப்போர்ட்டில் இருந்ததைவிடக் காது நன்றாகவே இருந்தது. அவர் பையில் கொண்டுவந்திருந்த மிஷினின் சத்தத்தைக் குறைத்து மாட்டிவிட்டாள்.

“இப்ப எப்படிம்மா இருக்கு?”

“ஒன் கொரலு நல்லாருக்கு,” என்றார் அஜீஸுன்னிசா.

பிறந்ததிலிருந்து காது கேளாதவள் பேசும் அந்த மழுங்கிய குரலை அதுவரை யாரும் நல்லாருக்கு என்று சொன்னதில்லை. சௌந்தர்யா திரும்பி நின்று மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

துணியைச் சரிசெய்த பிறகு அஜீஸுன்னிசாவே கதவைத் திறந்தார். சார் ரிப்போர்ட்டை நிதானமாகப் பார்த்தார், சௌந்தர்யாவிடம் சில கேள்விகள் கேட்டார், கையெழுத்துப் போட்டார்.

“தம்பி, இந்தப் புள்ள என்னென்னைக்கு இருக்கும்?” என்று சாரிடம் கேட்டார் அஜீஸுன்னிசா. “எங்க தெருப் பொம்பளைங்க இதுக்குச் சங்கடப்பட்டே வராம கெடக்காங்க.”

“படிப்பு முடிஞ்சதும் இங்கயே வேலைக்கு வரச் சொல்லலாம்னு இருக்கேன்மா. இப்போதைக்கு அவளே ஒரு நாளச் சொல்லட்டும். அன்னைக்கு நாங்க வெளிய நிக்கிறோம்.”

இருவரையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது சௌந்தர்யாவுக்கு.

“புதன்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா,” என்றாள்.