போட விடுங்க, கோச்

"போட விடுங்க, கோச். அவங்க டச்டவுன் போடட்டும்."

தலைமைக் கோச் பிக்கெட்டின் ஹெட்செட்டில் நேராகப் பேசக்கூடாது என்று டெஸ்ஸா கோவாச்சிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அரங்கத்து மாடியில், கண்ணாடி அறையில் உட்கார்ந்து கடிகாரக் கணக்குப் போடுவது அவள் வேலை. அதைப் பதமாக எடுத்துச் சொல்வது பக்கத்திலிருக்கும் துணைக் கோச் டெலிங்கரின் வேலை. அவர் பதம் பார்ப்பதற்குள் ஆட்டமே ஆறிப்போகும். அதனால் இன்று அவருடைய மைக்கை இழுத்துத் தானே பேசிவிட்டாள்.

ஒஹையோவின் அந்தச் சின்னக் கல்லூரிக்கு அமெரிக்கக் கால்பந்து சீசனின் கடைசிச் சனிக்கிழமை. ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிக்கெட்டின் பையன்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை. மிச்சம் ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. பந்து எதிரணியிடம், கோட்டுக்கு ஐந்தே கஜத்தில்; பந்தோடு கோட்டைத் தாண்டினால் டச்டவுன், ஆறு புள்ளி.

"யாரது?" என்றார் பிக்கெட், கீழே மைதான ஓரத்திலிருந்து.

"டெஸ்ஸா. நாம மடக்க மடக்க அவங்க கடிகாரத்தை ஓட விடுவாங்க. கடைசி செகண்ட்ல கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு புள்ளி எடுத்துட்டுப் போயிடுவாங்க. இப்பவே போட விட்டா நமக்குப் பந்தும் கிடைக்கும், நூறு செகண்டும் கிடைக்கும், நாமளும் ஒண்ணு போட்டு ஜெயிக்கலாம்."

"என் பசங்களைப் படுத்துக்கங்கடான்னு சொல்லணுமா?"

"ஒரே ஒரு தடவை."

"இந்த ஊர்ல முப்பது வருஷமா தலை நிமிர்ந்து நடக்கறேன்மா. டெலிங்கர், மைக்கைப் பிடுங்குய்யா."

"உன் சீட்டு கிழிஞ்சுது," என்றார் டெலிங்கர், மைக்கைத் துடைத்தபடி.

பையன்கள் மடக்கினார்கள். மூன்று முறை, சுவர் மாதிரி. ஒவ்வொரு மடக்குக்கும் ஊரே எழுந்து குதித்தது. கடிகாரம் தன்பாட்டுக்கு நாற்பது நாற்பது வினாடியாக விழுங்கிக்கொண்டிருந்தது. கடிகாரத்தை நிறுத்த மிச்சமிருந்த ஒரே டைம்-அவுட்டையும் பிக்கெட் எடுக்கவில்லை. மூன்று வினாடி இருக்கும்போது எதிரணி உதைத்தது. பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று.

டெஸ்ஸா அவர் அறைக்குப் போனபோது பிக்கெட் நிதானமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி நின்னானுங்க பாத்தியா? மானத்தோட தோத்தோம்."

"டைம்-அவுட்டோடயும் தோத்தோம். அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?"

அவர் சிரித்துவிட்டார். "வாய் ஜாஸ்தி உனக்கு. உன் கணக்கு சரிதான், போ. எனக்கும் தெரியும்."

"தெரியுமா?"

"போட விட்டுத் தோத்திருந்தா, ஊரு என்னைக் கிறுக்கன்னு சொல்லும். நின்னு தோத்தா, வாசல்ல கை குலுக்கும். போய்ப் பாரு, குலுக்கிட்டுதான் நிக்கறாங்க."

டயர் ஆலைத் தொழிலாளி வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். சரியான விடையைச் சொன்னால் போதும், பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள் என்று நாலு வருடம் நம்பிப் படித்தவள். தெரியாதவர் என்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். இவர் தெரிந்தே தன் பையன்கள் அத்தனை பேரின் சீசனையும் கைகுலுக்கலுக்கு விற்றிருக்கிறார்.

"அடுத்த வருஷமும் இரு," என்றார் பிக்கெட். "சம்பளம் கூட்டச் சொல்றேன். மைக்கை மட்டும் தொடாதே."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டை கடலைத் தோலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"யோசிச்சு சொல்லேன்."

"யோசிக்க நூறு செகண்ட் இருந்துச்சு, கோச்," என்று சொல்லிவிட்டு, கை குலுக்க நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தாள்.